லைன் நின்றால் வகுப்பு உண்டா? பினாங்கு வேலையிடப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் தொழிற்பேட்டைகளான பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் மனிதவளப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அதில் பாதிக்காலம் பயிற்சிப் பொறுப்பு. ஆர்டர் குறைகிறது என்ற பேச்சு கிளம்பியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். தொழிற்சாலை உற்பத்தி லைனில் வேலை செய்பவர்களும் கேட்பார்கள், நாற்பது ஐம்பது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் முதலாளிகளும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

வியாபாரம் படுத்தால் முதலில் கை வைப்பது பயிற்சிச் செலவில்தானா?

முதலில் அல்ல, ஆனால் சீக்கிரமே. நான் பார்த்த வரிசை இதுதான்: முதலில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை போகும். அப்புறம் புது ஆள் எடுப்பது நிற்கும். அடுத்து வெளியூர்ப் பயணம், ஆண்டு விருந்து. அதற்கு அடுத்த வரியில் பயிற்சி இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் முறை அதற்குப் பிறகுதான், நிரந்தர ஆட்கள் கடைசி.

பயிற்சி இவ்வளவு சுலபமாக வெட்டுப்படுவதற்குக் காரணம், அதை நிறுத்தினால் இன்றைக்கு எதுவும் கெட்டுப்போகாது என்பதுதான். மெஷினுக்கு எண்ணெய் போடாவிட்டால் அடுத்த வாரமே சத்தம் கேட்கும். டெக்னீஷியனுக்கு வகுப்பு வைக்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து, புது மெஷின் வந்து இறங்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தச் செலவை வெட்டிய மேலாளர் வேறு கம்பெனிக்குப் போய் நல்ல பதவியில் இருப்பார்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். ஆர்டர் நிறைய இருக்கும் நேரத்தில் ஒருவரை வகுப்புக்கு அனுப்பினால் அவர் செய்திருக்கக்கூடிய உற்பத்தி போய்விடும். லைன் சும்மா கிடக்கும்போது அனுப்பினால் அந்த நஷ்டம் இல்லை. கணக்குப்படி, மந்தகாலம்தான் பயிற்சிக்கு மலிவான காலம். ஆனால் அதே மாதத்தில் கையிருப்பும் வற்றியிருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முடிச்சைச் சுற்றித்தான்.

எல்லா வகுப்பும் நின்றுவிடுமா?

நிற்காது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் வந்த மந்தத்தை ஆலன் ஃபெல்ஸ்டெட், ஃபிரான்சிஸ் கிரீன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். பயிற்சி அடியோடு சரியும் என்று எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் பார்த்தது வேறு: சட்டமும், பாதுகாப்பு விதியும், வாடிக்கையாளர் கேட்கும் தரச் சான்றும் கீழே ஒரு தளம் போலத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தளத்துக்குக் கீழே பயிற்சி இறங்கவில்லை.

இங்கேயும் அதே கதைதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கும், மூடிய தொட்டிக்குள் இறங்குகிறவருக்கும் வகுப்பு நடந்தே ஆக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் ஒரு பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். அந்த ஆள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். நாசி கண்டார் கடையில் சோறு போடுபவருக்கு உணவு கையாளுநர் வகுப்பும் டைஃபாய்டு ஊசியும் கட்டாயம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இவை நடக்கும். விழுவதெல்லாம் அதற்கு மேலே இருப்பவை: ஆபரேட்டரை டெக்னீஷியனாக்கும் வகுப்பு, சூப்பர்வைசருக்கு ஆட்களை நடத்தக் கற்றுக்கொடுப்பது, மொழி, கணினி. அதாவது ஒருவரை இருக்கும் இடத்திலிருந்து மேலே ஏற்றும் வகுப்புகள்தான் விழுகின்றன.

நாடு வளர்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் லைனில் மூன்று மாதமாக ஓ.டி. இல்லை. எது பொய்?

இரண்டும் உண்மைதான். பினாங்கில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய எண் வேறு: உலகச் சிப் விற்பனை.

1998ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியப் பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கிய வருடம். கோலாலம்பூரில் கட்டி முடிக்காத மாடிகள் அப்படியே நின்றன, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆடிப்போயின. செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிவைத்தார்கள். ஏற்றுமதி செய்யும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு மலிவான ரிங்கிட் கைகொடுத்தது. அவை சீக்கிரமே எழுந்துவிட்டன. 2001இல் நிலைமை தலைகீழ். நாடு அரை சதவீதமாவது வளர்ந்தது. உலகச் சிப் விற்பனையோ ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்களில் நிற்காமல் உட்கார்ந்து போக முடிந்த வருடம் அது.

2020இல் நாடு 5.5 சதவீதம் சுருங்கியது. கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் முதல் சில வாரங்கள் கழிந்ததும், வீட்டிலிருந்து வேலை செய்ய உலகமே மடிக்கணினி வாங்கியதால், இங்கே ஆள் போதவில்லை. 2023இல் நாடு ஏறக்குறைய மூன்றரைச் சதவீதம் வளர்ந்தபோது உலகச் சிப் விற்பனை சுமார் 8 சதவீதம் இறங்கியது. அடுத்த வருடமே 19 சதவீதம் ஏறியது.

ஏன் இந்த ஆட்டம்? கடையில் கைப்பேசி விற்பனை கொஞ்சம் குறைகிறது என்று வையுங்கள். கைப்பேசி செய்பவர் கையிருப்பில் உள்ள சிப்பை முதலில் தீர்ப்போம் என்று ஆர்டரை நிறுத்துவார். நடுவில் உள்ள விநியோகஸ்தரும் அதையே செய்வார். கடைசியில் இருக்கும் நமக்கு வந்து சேரும்போது அந்தச் சின்னக் குறைவு பெரும் பள்ளமாகியிருக்கும். ஏறும்போதும் இப்படித்தான்: எல்லோரும் ஒரே நேரத்தில் இரட்டிப்பாகக் கேட்பார்கள். அதனால் பினாங்கு மனிதவளப் பிரிவின் நாட்காட்டி மூன்று நான்கு வருட அலையில் ஓடுகிறது. ஒரு நல்ல டெக்னீஷியன் உருவாகவும் இரண்டு மூன்று வருடம் ஆகும். பள்ளத்தில் நிறுத்திய வகுப்பின் ஆள், மேட்டில் வேண்டும்போது இருக்க மாட்டார்.

பினாங்கில் இதை யாருமே யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள். 1969இல் சுதந்திரத் துறைமுகம், அதாவது வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை போனது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அப்போது முதலமைச்சரான லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை ஏற்படுத்தி வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை ‘எட்டு சாமுராய்’ என்று இன்றும் சொல்வார்கள்.

1985இல் சிப் விலை சரிந்ததும் இங்கே பெரிய ஆட்குறைப்பு. அந்த வருடம் நாடும் ஒரு சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. பிறகு எண்பதுகளின் கடைசியில் ஆர்டர் வெள்ளமாகத் திரும்பியபோது பார்த்தால், மெஷின் தெரிந்த ஆள் இல்லை. ஒரு கம்பெனி பழக்கிய ஆளைப் பக்கத்துக் கம்பெனி இழுத்துக்கொண்டது. இதற்கு மருந்தாகத்தான் 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் வந்தது. போட்டிக் கம்பெனிகளே சேர்ந்து இயந்திரமும் பயிற்றுநரும் கொடுத்து, மாநில அரசும் கல்வித் துறையும் கைகோத்து நடத்திய இடம். தனித்தனியாக ஆளைப் பழக்கிப் பறிகொடுப்பதைவிட, ஒன்றாகச் சேர்ந்து ஒரு குளம் வெட்டுவது மேல் என்ற எண்ணம்.

என் கருத்தைக் கேட்டால், பினாங்கு செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இதற்கு முதல் மூன்றில் இடம் உண்டு. இருந்தும் ஒன்று கவனியுங்கள்: பள்ளம் வந்தது 1985இல், மையம் வந்தது 1989இல். ஆள் இல்லாமல் தவித்த பிறகுதான் வகுப்பறை கட்டினோம்.

லெவி லெவி என்கிறார்களே, அது என்ன? என் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களா?

உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சென் கூடப் பிடிக்கக் கூடாது. அது முழுக்க முதலாளி கட்டுவது.

1992இல் ஒரு சட்டம் போட்டு, 1993இல் தொழிலாளர் பயிற்சிக்காக முதலாளிகளிடம் வாங்கும் இந்த நிதியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு மட்டும். 2001இல் பெம்பாங்குனான் சும்பர் மனுசியா பெர்ஹாட் சட்டம் வந்தது. இந்த நிதியைக் கவனிக்கும் அந்த மனிதவள மேம்பாட்டு நிறுவனத்தை இப்போது எச்.ஆர்.டி. கார்ப் என்று அழைக்கிறோம். 2021 மார்ச்சில் வலை விரிந்து ஏறக்குறைய எல்லாத் துறைகளும் உள்ளே வந்தன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களின் அடிப்படைச் சம்பளத்திலும் நிலையான அலவன்ஸிலும் ஒரு சதவீதம் கட்டாயம். ஐந்திலிருந்து ஒன்பது பேர் இருந்தால் விருப்பப்படி அரை சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது பேர், சராசரி 2,800 ரிங்கிட். மாதம் 1,12,000. ஒரு சதவீதம் 1,120. வருடத்துக்கு 13,440 ரிங்கிட். இந்தப் பணம் அந்தக் கம்பெனியின் பெயரிலேயே கணக்கில் கிடக்கும். அனுமதி பெற்ற பயிற்சிக்கு அதிலிருந்து எடுக்கலாம், பயிற்சி தருபவருக்கு நேரடியாகவே போகும்படியும் செய்யலாம். வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ‘வகுப்பு முடிந்துவிட்டது சார், இப்போ கிளெய்ம் பண்ணலாமா?’ என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். முடியாது.

பல சின்ன முதலாளிகள் இதை வருமான வரி மாதிரி, போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். வருடக் கடைசியில் யாரோ நினைவுபடுத்தி, மீதத்தைத் தீர்க்க எல்லோரையும் ஒரு ஹோட்டலுக்கு ‘குழு உணர்வு’ வகுப்புக்கு அனுப்புவார்கள். பலூன் ஊதி, கயிறு இழுத்து, மதியம் பஃபே சாப்பிட்டு வருவார்கள். எனக்குக் கயிறு இழுப்பதில் ஒரு விரோதமும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் இரண்டு பேருக்கு பி.எல்.சி., அதாவது மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியைக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

அப்படியானால் மந்தத்தில் இந்தப் பணம்தான் கைகொடுக்குமா?

கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நல்ல காலத்தில் மாதாமாதம் கட்டியதால், ஆர்டர் இல்லாத மாதத்திலும் அது கணக்கில் இருக்கும். மந்தத்தில் நேரமும் இருக்கிறது, பணமும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முடிச்சு அவிழ்வது இங்கேதான்.

2009இன் தொடக்கத்தில் நான் இருந்த இடத்தில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. நாட்டின் பொருளாதாரம் அந்த வருடம் ஒன்றரைச் சதவீதம் சுருங்கியது. எங்கள் லைன்களில் பாதி இருட்டாகக் கிடந்தது. ஆட்கள் கேன்டீனில் உட்கார்ந்து தே தாரிக் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லெவியில் மிச்சம் இருந்தது. சால்டர், அதாவது ஈயப் பற்றவைப்பின் தரத்துக்கான ஐ.பி.சி. 610 வகுப்பை ஆபரேட்டர்களுக்கு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ‘அது இன்ஜினியர்களுக்கு இல்லையா?’ என்றார் மேலாளர். சும்மா உட்கார்ந்திருப்பது ஆபரேட்டர்கள்தானே என்றேன். கையெழுத்துப் போட்டார்.

கழித்துப் போட்ட மின்னணு போர்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினோம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி விளக்கு. முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு இருபது வருடம் ஆனவர்கள். பயிற்றுநர் ஒரு போர்டைக் காட்டினார். அரிசி மணியைவிடச் சின்ன ஒரு பாகம், ஒரு முனை மட்டும் ஒட்டி, மறுமுனை மேலே எழும்பி நட்டுக்கொண்டு நின்றது. இதற்குப் பெயர் டூம்ஸ்டோன், கல்லறைக் கல் மாதிரி நிற்கிறது பாருங்கள் என்றார். பதினோரு வருடம் லைனில் இருந்த அக்கா ஒருவர் விளக்கை இழுத்துக் கிட்ட வைத்துப் பார்த்தார். “இத நான் ஆயிரம் தடவ பொறுக்கிப் போட்டிருக்கேன் சார். தப்புன்னு தெரியும், பேருதான் தெரியாது” என்றார். பக்கத்தில் இருந்தவர், இரண்டு முனையிலும் சால்டர் ஒரே நேரத்தில் உருகாததால்தானா இப்படி என்று கேட்டார். அதேதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அதை யூகித்து வைத்திருந்தார்.

அந்த வருடக் கடைசியில் ஆர்டர் திரும்பியபோது, அந்த வகுப்பிலிருந்து நான்கு பேரைத் தரக் கட்டுப்பாட்டுக்கு எடுத்தோம். வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏன் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை?

பயம் ஒரு காரணம். நாளைக்கு அனுப்பப்போகும் ஆளுக்கு இன்றைக்கு ஏன் வகுப்பு என்ற யோசனை. இன்னொரு காரணம் எங்கள் பிரிவே. மந்தத்தில் பயிற்சிப் பிரிவில் ஆள் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் ஒருவர் ஆட்குறைப்புக் கடிதம் தயாரிப்பதில் மூழ்கியிருப்பார். நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் லெவி கட்ட வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். சம்பளம் கொடுக்கவே திணறியவர்களுக்கு அது மூச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பொருளைப் பாருங்கள்: நெருக்கடி வந்ததும் முதலாளிக்குச் சுமையாகத் தெரிவது எது என்று தேடினால், அங்கேயும் பயிற்சி சீக்கிரமே கண்ணில் படுகிறது. 1998இல் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கு அதே நிதியின் வழியாக மறுபயிற்சித் திட்டம் போட்டது எனக்கு அதைவிடப் பிடித்த அணுகுமுறை.

நல்ல காலத்தில் பயிற்சி கொட்டிக் கிடக்குமே?

மணிக்கணக்கைப் பார்த்தால் நிறைய இருக்கும். புது ஆட்கள் வருவதால் அறிமுக வகுப்புகள் கூடும், அதனால் எண் ஏறும். ஆழத்தைப் பார்த்தால் வேறு கதை.

2021இல் ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன், பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்கு இருபது புது ஆட்கள். பாதுகாப்புக் காணொளி, யூனிஃபார்ம், அப்புறம் பன்னிரண்டு தலைப்புள்ள பயிற்சிப் பதிவுத் தாள். ‘இங்க, இங்க, இங்க சைன் பண்ணு’ என்று சூப்பர்வைசர் விரலால் காட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டு கையெழுத்தும் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. எட்டரைக்கு எல்லோரும் லைனில். தணிக்கைக்கு வருகிறவர் கோப்பைப் புரட்டினால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்த மாதக் கழிவைப் பார்த்திருந்தால் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

வகுப்புக்கு அனுப்பினால் ஓடிவிடுகிறார்களே. பாண்ட் போடலாமா?

இது முதலாளிகளின் கேள்வி. பாண்ட் என்றால், இத்தனை காலம் வேலையை விட மாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்குவது. ஏற்றத்தில்தான் இது வரும்; மந்தத்தில் யாரும் ஓட மாட்டார்கள், ஓட இடமும் இருக்காது.

எங்கும் செல்லுபடியாகும் திறனுக்குக் கம்பெனி ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964இலேயே எழுப்பினார். ஒரே கம்பெனியில் மட்டும் உதவும் திறன் என்றால் செலவு செய்யலாம், எங்கும் உதவுவது என்றால் பலன் தொழிலாளிக்குத்தான் போகும் என்பது அவர் வாதம். பாலத்துக்கு அந்தப் பக்கமும் வேலை, எல்லை தாண்டினால் சிங்கப்பூர் டாலர் என்று இருக்கும் ஊரில் இந்தக் கவலை நியாயமானதுதான். எல்லோரிடமும் லெவி வாங்குவதன் தத்துவமே, பழக்குகிறவர் மட்டும் நஷ்டப்படக் கூடாது என்பதுதான்.

பாண்ட் போடலாம், நியாயமாக இருந்தால். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. மூன்று நாள் வகுப்புக்கு மூன்று வருடம் கட்டிப்போடும் தாளைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளிக்குச் சொல்வேன்: கையெழுத்துப் போடும் முன் தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள், மாதாமாதம் குறையுமா என்று கேளுங்கள், கட்டணம் லெவியிலிருந்து போனதா என்றும் கேளுங்கள்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஏன் வகுப்பே கிடைப்பதில்லை?

இனத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று தெரியும். நான் பார்த்தவரை பெரிய கோடு பதவியில்தான் விழுகிறது. நல்ல காலமோ கெட்ட காலமோ, இன்ஜினியருக்கும் மேலாளருக்கும் முதல் இடம், ஆபரேட்டருக்கு மிச்சம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் நிறையப் பேர் ஆபரேட்டர், ஸ்டோர், டிரைவர், காவல் என்று அந்தக் கடைசி வரிசையில் இருந்ததால், அந்தக் கோடு நம் வீட்டு வாசலில் அழுத்தமாகத் தெரிகிறது. சூப்பர்வைசர் யார் பெயரை எழுதுகிறார் என்பதில் வேண்டியவர், வேண்டாதவர் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு இந்தக் கதவு இன்னும் குறுகல். லெவி மலேசியர்கள் கணக்கில்தான் கட்டப்படுகிறது, மலேசியர்களுக்குத்தான் செலவாகிறது.

வகுப்புக்குப் போனால் ஆட்குறைப்பிலிருந்து தப்பிக்கலாமா?

உத்தரவாதம் இல்லை, ஆனால் உதவும். கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டு தொழில் இணக்க நடத்தை விதித்தொகுப்பில் உள்ள வழக்கம். வேலைச் சட்டத்தின் 60N பிரிவு, அதே வேலையில் வெளிநாட்டவர் இருக்கும்போது உள்நாட்டவரை ஆட்குறைப்பில் அனுப்பக் கூடாது என்கிறது. கடைசியில் வந்தவர் என்ற வரிசையை முதலாளி மாற்ற வேண்டுமானால் வலுவான காரணம் காட்ட வேண்டும்; பெரும்பாலும் காட்டும் காரணம் திறன். அப்போது மேசைக்கு வருவது உங்கள் பயிற்சிக் கோப்பு. ஆகவே நீங்கள் முடித்த ஒவ்வொரு வகுப்பின் சான்றிதழையும் ஒரு பிரதி வீட்டில் வையுங்கள்.

வேலை போய்விட்டது. இப்போது பயிற்சிக்கு வழி?

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் வேலை காப்புறுதி. நம் ஆட்கள் இன்னும் சொக்சோ என்றுதான் சொல்கிறார்கள், அதே அலுவலகம்தான். 2017இல் சட்டமாகி 2018 ஜனவரியில் தொடங்கியது. சம்பளத்தில் நீங்கள் 0.2 சதவீதம், முதலாளி 0.2 சதவீதம் கட்டுகிறீர்கள். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். விருப்ப விலகல் திட்டத்தில், அதாவது வி.எஸ்.எஸ். வாங்கி வந்தவரும் கேட்கலாம். நீங்களாகவே ராஜினாமா கடிதம் கொடுத்தால் கிடையாது. அதனால் ‘கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, உனக்கும் நல்லது’ என்று யாராவது சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள்.

வேலை தேடும் அலவன்ஸ் முதல் மாதம் காப்புறுதிக்கு உட்பட்ட சம்பளத்தில் 80 சதவீதம், அப்புறம் 50, 40 என்று இறங்கி, தகுதியைப் பொறுத்து ஆறு மாதம் வரை போகும். பலர் இதை வாங்கிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அதே திட்டத்தில் பயிற்சிக் கட்டணமும், வகுப்புக்குப் போகும் நாளுக்கு அலவன்ஸும் உண்டு.

கம்பெனி தர வேண்டிய நட்டஈடு தனி. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் கீழ் என்றால் வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் பதினைந்து நாள், ஐந்துக்கு மேல் இருபது நாள்.

எனக்கு எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) சரியில்லை. பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது. சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். திறன் மேம்பாட்டுத் துறையின் மலேசியத் திறன் சான்றிதழ் (சிஜில் கெமாஹிரான் மலேசியா, எஸ்.கே.எம்.), அதற்கு அனுபவத்தை வைத்தே மதிப்பிடும் ஒரு வழி இருக்கிறது, பி.பி.டி. என்பார்கள். வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெல்டர், ஏர்கான், மின்சாரம், சமையல் என்று பல துறைகளுக்கு உண்டு. படம், வேலைத் தாள், பழைய பயிற்சிப் பதிவு எல்லாம் ஆதாரம்தான். வேலையில் இருக்கும்போதே திரட்டுங்கள். வாசல் அட்டையைப் பிடுங்கிய பிறகு படம் எடுக்க உள்ளே விட மாட்டார்கள்.

ஆன்லைன் வகுப்பு போதுமா?

எக்செல்லுக்குப் போதும். சால்டருக்குப் போதாது.

அரசாங்கம் 60,000 இன்ஜினியர்கள் என்கிறதே, என் மகனை அதில் சேர்க்கலாமா?

2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் அந்த எண் வருகிறது. அரசு ஆதரவாகக் குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் என்றும் சொன்னார்கள். சேர்க்கலாம், பையனுக்கு அதில் ஆசை இருந்தால். ஆனால் இன்று சேர்கிறவர் படித்து முடித்து வரும் வருடம் சிப் சந்தை மேட்டில் இருக்கலாம், பள்ளத்திலும் இருக்கலாம். 2001இல் பட்டம் வாங்கியவர்கள் ஒன்றிரண்டு வருடம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்று மேலாளர்கள். பள்ளத்தில் வந்து இறங்கினால் அந்த ஒரு வருடம் வீட்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று மட்டும் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

எங்கள் கம்பெனிக்கு லெவி மிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

எவ்வளவு மிச்சம் என்று கேட்காதீர்கள், அது கணக்கு கேட்பது மாதிரி இருக்கும். ஒரு வகுப்பின் பெயரோடு போங்கள். ‘இந்த வகுப்பு எச்.ஆர்.டி. கார்ப்பில் கிளெய்ம் பண்ணலாமாம், அடுத்த மாதம் நம் லைன் ஒரு வாரம் நிற்கிறது, அந்த வாரத்தில் என்னையும் இன்னும் மூன்று பேரையும் அனுப்ப முடியுமா?’ என்று கேளுங்கள். வகுப்பு, தேதி, ஆள் மூன்றும் கையில் இருந்தால் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் வேண்டாம், அப்போது நாங்கள் சம்பளக் கணக்கில் தலை நிமிராமல் இருப்போம்.